பங்காளி வீட்டு ஃபிரேம்

கையால் செய்த ஸ்டீல் ஃபிரேம் வாங்க ரெண்டு வருஷம் காசு சேர்த்தேன். விலை கேட்டபோது அது பாதிக்குக்கூட வரவில்லை. அப்போதுதான் திண்டிவனத்தில் சித்தப்பா வீட்டு மாட்டுக்கொட்டகையில் அந்தப் பழைய ஹெர்குலிஸைப் பார்த்தேன். இரும்புக்கடைக்குப் போட இருந்தார்கள்.

சைக்கிள் பிரியர்கள் உருகி உருகிப் பேசும் ரெனால்ட்ஸ் 531 குழாய் 1935-இல் வந்தது. மாங்கனீசும் மாலிப்டினமும் கலந்த எஃகு. நடுவில் மெல்லிசு, முனைகளில் கனம். அதைச் செய்தது இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் குழுமம். 1946-இல் ஹெர்குலிஸும் அதே குழுமத்துக்குள் போனது. 1949-இல் அவர்களும் முருகப்பா குடும்பமும் கைகோத்துத் தொடங்கியதுதான் நம்ம டி.ஐ. சைக்கிள்ஸ், அம்பத்தூரில். ஆக, ரெண்டும் பங்காளிகள். ஆனால் அம்பத்தூர் வண்டி சாதாரண எஃகு, மூட்டை சுமக்கப் பிறந்தது. இதை மறைத்துப் பெருமை பேசுவதில் அர்த்தமில்லை.

விழுப்புரத்து மெக்கானிக் அண்ணன் பெயிண்டைச் சுரண்டி, மூட்டுகளை விரலால் தடவினார்.

“வெடிப்பு இல்ல தம்பி. ஃபோர்க்கு லேசா வளைஞ்சிருக்கு, நிமித்திடலாம். பறக்காது, இப்பவே சொல்லிட்டேன்.”

பழைய 28 இஞ்ச் ரிம் 635 மில்லிமீட்டர். இப்போதைய 700சி 622. சக்கரத்தை மாற்றினால் பிரேக் கட்டை ஆறரை மில்லிமீட்டர் தள்ளி உட்காரணும். ராடு பிரேக்கும் போய்விடும். அந்த ஆறரைக்கு ஆகும் செலவைக் கூட்டிப் பார்த்தேன். பழைய சக்கரமே இருக்கட்டும் என்றேன்.

திண்டிவனத்துக்குத் திரும்ப ஓட்டினேன். எதிர்க்காற்று. கூட்டேரிப்பட்டில் டீ குடிப்பதற்குள் ரெண்டு தடவை செயின் கழன்றது. ஃபிரேம் மட்டும் முனகவே இல்லை.