ஒரு களஞ்சியம், பல பணி அடைவுகள்: கிளியர்கேஸிலிருந்து கிட் ஒர்க்ட்ரீ வரை, பெங்களூரின் பராமரிப்புப் பணியை முன்வைத்து ஓர் ஆய்வு

மென்பொருள் வரலாறு பெரும்பாலும் புதியதை ஆக்கியவர்களின் வரலாறாகவே எழுதப்படுகிறது. விற்பனைக்குப் போய்விட்ட மென்பொருளை ஆண்டுக்கணக்கில் பழுதுபார்த்துக் காத்தவர்கள் அதில் இடம்பெறுவது அரிது. பெங்களூரில் நாற்பது ஆண்டுகளாக நடந்துவரும் வேலையில் பெரும்பங்கு இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தது. நான்கு ஆண்டுக்கு முந்தைய வெளியீட்டில் வாடிக்கையாளர் கண்ட பிழையைக் காலையில் தேடும் பொறியாளர், அதற்கான திருத்தத்தை மாலையில் நடப்பு வெளியீட்டிலும் சேர்த்தாக வேண்டும். ஒரே நிரலின் பல பதிப்புகள் ஒரே நேரத்தில் அவர் முன் திறந்திருக்க வேண்டும். இந்தத் தேவைக்குப் பதிப்புக் கட்டுப்பாட்டுக் கருவிகள் தந்த விடைகளை இக்கட்டுரை ஆராய்கிறது. களஞ்சியத்தையும் பணி அடைவையும் பிரித்துவைக்கும் எண்ணம் 1990களிலேயே முதிர்ச்சி பெற்றிருந்தது. 2005இல் பிறந்த கிட் அதைக் கைவிட்டது. பத்தாண்டு கழித்து வேறொரு வடிவில் மீட்டெடுத்தது. இதுவே என் வாதம்.

தொடக்கக் கருவிகளை விரைந்து கடக்கலாம். பெல் ஆய்வகத்தில் 1972இல் மார்க் ராக்கைண்ட் எழுதிய எஸ்சிசிஎஸ், 1980களின் தொடக்கத்தில் வால்டர் டிச்சி எழுதிய ஆர்சிஎஸ் ஆகிய இரண்டும் தனித்தனிக் கோப்புகளின் வரலாற்றை மட்டுமே காத்தன. ஆம்ஸ்டர்டாமில் டிக் கிரூன் தம் மாணவர் இருவருடன் ஒரு சி கம்பைலரில் வேலை செய்தார். மூவருக்கும் நேரம் ஒத்துவரவில்லை. அந்த நெருக்கடியில் அவர் எழுதிய ஷெல் நிரல்களே சிவிஎஸ் ஆயின. 1986இல் அவை வெளியிடப்பட்டன. களஞ்சியம் ஓரிடத்தில், ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் பணிப்பிரதி என்ற ஏற்பாடு இங்கே பரவலாக வேர்கொண்டது.

பெங்களூரில் கிளியர்கேஸ்

டெக்சாஸ் இன்ஸ்ட்ரூமென்ட்ஸ் 1985இல் பெங்களூருக்கு வந்தது. அடுத்த பத்தாண்டில் தொலைத்தொடர்பு நிறுவனங்களும் வந்தன. மோட்டோரோலாவின் பெங்களூர்ப் பிரிவு 1993இல், மென்பொருள் முதிர்ச்சியை அளக்கும் சிஎம்எம் அளவுகோலில் ஐந்தாம் நிலையை எட்டியது. உலகில் அந்நிலையை அடைந்த இரண்டாவது அமைப்பு அதுதான். அந்த அளவுகோலின் இரண்டாம் நிலையிலேயே கான்ஃபிகரேஷன் மேனேஜ்மென்ட் கட்டாயம். எந்த வாடிக்கையாளரிடம் எந்தப் பதிப்பு இருக்கிறது, அதை அப்படியே மறுபடி உருவாக்க முடியுமா என்ற கேள்விகளுக்கு ஆவணத்தோடு விடை சொல்ல வேண்டும். சான்றிதழுக்காக முனைந்த இந்நகர நிறுவனங்கள் இந்தத் துறையை மற்ற பல நகரங்களுக்கு முன்பே தீவிரமாக எடுத்துக்கொண்டதற்கு இதுவும் ஒரு காரணம் என்று கருதுகிறேன்.

அக்காலத்தில் பெரிய நிறுவனங்களின் கருவி கிளியர்கேஸ். அப்போலோ கணினிகளின் டிஎஸ்இஇ என்ற மென்பொருளை ஆக்கியவர்கள் அட்ரியா நிறுவனத்தின் பெயரில் 1992இல் இதை வெளியிட்டார்கள். பின்னர் அது ரேஷனல் வசமும், 2003இல் ஐபிஎம் வசமும் சென்றது. பல பணி அடைவுகள் என்ற பொருளில் இதன் ‘வியூ’தான் மிக முக்கியமான வடிவமைப்பு.

டைனமிக் வியூவில் கோப்புகள் பயனரின் வட்டில் பிரதி எடுக்கப்படுவதில்லை. கருவிக்கென்றே அமைந்த கோப்பு முறைமை ஒன்று, ஒவ்வொரு கோப்பையும் திறக்கும்போது எந்தப் பதிப்பைக் காட்டுவது என்று தீர்மானிக்கும். அதற்கான விதிகள் கான்ஃபிக் ஸ்பெக் என்ற சிறு கோப்பில் இருக்கும். வழக்கமாக அதில் இரண்டே வரிகள்: நான் திருத்த எடுத்தவை முதலில்; மற்றவற்றுக்கு மூலக்கிளையின் கடைசிப் பதிப்பு. இரண்டாம் வரியில் பழைய வெளியீட்டின் லேபிளை எழுதிச் சேமித்தால் அடைவு முழுவதும் அந்த வெளியீடாக மாறிவிடும். ஒருவர் எத்தனை வியூ வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். பழைய வெளியீடு ஒரு வியூவில், நடப்பு வெளியீடு இன்னொன்றில், இரண்டுக்கும் ஒரே களஞ்சியம்.

ஆனால் இதற்கு வேகமான உள்வலைப்பின்னல் வேண்டும். 64 கிலோபிட் குத்தகை இணைப்பே பெரிதாக இருந்த நாட்களில், அமெரிக்காவிலுள்ள களஞ்சியத்தை பெங்களூரிலிருந்து டைனமிக் வியூவில் திறப்பது நடக்கிற காரியம் இல்லை. அதற்காக வந்த மல்டிசைட், களஞ்சியத்தின் பிரதியை ஒவ்வொரு நகரிலும் வைத்து, மாற்றங்களைப் பொட்டலங்களாக அனுப்பி ஒத்திசைத்தது. மோதலைத் தவிர்க்க ஒரு விதியும் இருந்தது. ஒவ்வொரு கிளைக்கும் ஒரே ஒரு நகரமே உரிமையாளர். உரிமை இல்லாத நகரத்தார் அந்தக் கிளையைப் பார்க்கலாம், எழுத முடியாது. இந்த விதியை வாசகர் நினைவில் கொள்ள வேண்டும். கீழே மீண்டும் தேவைப்படும்.

லினக்ஸ் பக்கம்

அதே நகரில் இன்னொரு மரபும் வளர்ந்தது. 2001இல் லினக்ஸ் பெங்களூர் மாநாடு தொடங்கியது; 2005 முதல் அது ஃபாஸ்.இன் என்று பெயர் மாறியது. ஐபிஎம்மின் லினக்ஸ் டெக்னாலஜி சென்டரைச் சேர்ந்த பெங்களூர்ப் பொறியாளர்கள் கெர்னலின் கேபுரோப்ஸ் என்ற பிழைத்தேடல் வசதி போன்ற பகுதிகளை உருவாக்குவதில் முன்னின்றார்கள். கேபுரோப்ஸ் 2004இல் 2.6.9 பதிப்பில் சேர்ந்தது. கெர்னலுக்குத் திருத்தம் அனுப்புவோருக்கு அன்று அதன் ஆவணமே சொல்லிக்கொடுத்த முறை எளிமையானது. மூலத்தை விரித்து, அடைவின் பெயரோடு ‘வெனிலா’ என்று சேர்த்துத் தொடாமல் வைக்க வேண்டும். திருத்துவது இன்னோர் அடைவில். டிஃப் கட்டளை இரண்டையும் ஒப்பிட்டுத் திருத்தத்தைத் தரும். வட்டு நிறையாமல் இருக்க ஹார்டு லிங்க் மூலம் பிரதியெடுக்கும் வழக்கமும் இருந்தது. பல பணி அடைவுகள் அங்கே இருந்தன, களஞ்சியம்தான் இல்லை.

கெர்னல் குழுவினர் அதுவரை பயன்படுத்திய பிட்கீப்பர் என்ற வணிகக் கருவியின் உரிமம் திரும்பப் பெறப்பட்டதால் லினஸ் டோர்வால்ட்ஸ் 2005 ஏப்ரலில் கிட்டைத் தொடங்கினார். அது களஞ்சியத்தைப் பணி அடைவுக்கு உள்ளேயே வைத்தது. இணைப்பு இல்லாமலே வேலை செய்யலாம் என்ற பெரும் விடுதலை இதனால் கிடைத்தது. ஆனால் ஒரு களஞ்சியத்துக்கு ஓர் அடைவு என்று ஆயிற்று. பழைய கிளைக்குப் போக அரைகுறை வேலையைத் தற்காலிகமாக ஒதுக்கிவைத்து (ஸ்டாஷ்), கிளை மாறி, திரும்பிவர வேண்டும். மேக் கருவி கோப்பின் நேரக்குறியைப் பார்த்தே மறுபடி கம்பைல் செய்கிறது. கிளை மாறி வந்தால், உள்ளடக்கம் முன்பிருந்தபடியே இருந்தாலும் இடையில் மாற்றி எழுதப்பட்ட கோப்புகளின் நேரக்குறி புதிதாகிவிடுகிறது. 70,000க்கு மேற்பட்ட கோப்புகள் கொண்ட கெர்னலில் இதன் விலை அதிகம். 2024இல் 4.19, 5.4, 5.10, 5.15, 6.1, 6.6 ஆகிய ஆறு நீண்டகால வெளியீடுகள் ஒரே சமயத்தில் பராமரிப்பில் இருந்தன என்பதை எண்ணிப் பார்த்தால் சிக்கலின் அளவு விளங்கும்.

இடைக்கால ஏற்பாடுகள் பல. அடைவுக்கு ஒரு குளோன் எடுத்தால் ஒன்றில் செய்த கமிட் மற்றொன்றுக்குத் தானாக வராது. ஆல்டர்நேட்ஸ் மூலம் வேறொரு களஞ்சியத்தின் பொருள்களைக் கடன் வாங்கினால், அங்கே ஒன்று அழிந்ததும் இங்கே பழுதாகும். 2007இல் ஜூலியன் பிலிப்ஸ் எழுதிய ‘நியூ-ஒர்க்டிர்’ என்ற ஷெல் நிரல் களஞ்சியத்தின் உட்பகுதிகளைக் குறியீட்டு இணைப்புகளால் புதிய அடைவோடு கட்டிவைத்தது. கிட்டுக்கோ அப்படி ஓர் அடைவு இருப்பதே தெரியாது. ஒரே கிளையை இரண்டு அடைவுகளில் திறந்தாலும் தடுக்க யாரும் இல்லை.

நிலையான தீர்வை வியட்நாமியரான நுயென் தாய் நொக் டுய் எழுதினார். முதலில் செக்அவுட் கட்டளையின் ஒரு தெரிவாக இருந்ததை, எரிக் சன்ஷைன் முதலியோர் ‘ஒர்க்ட்ரீ’ என்ற தனிக் கட்டளையாக மாற்றியமைக்க, 2015 ஜூலையில் கிட் 2.5உடன் அது வெளிவந்தது. புதிய அடைவில் டாட்-கிட் என்பது அடைவாக இல்லாமல் ஒற்றை வரிக் கோப்பாக இருக்கும்; மூலக் களஞ்சியத்துக்குள் உள்ள ஒரு சிற்றடைவின் முகவரியே அந்த வரி. எந்தக் கிளையில் நிற்கிறோம் என்பதைக் குறிக்கும் ஹெட், அடுத்த கமிட்டுக்கான கோப்புகளின் நிலையைக் குறித்துவைக்கும் இண்டெக்ஸ் இரண்டும் ஒவ்வோர் ஒர்க்ட்ரீக்கும் தனி; பொருள்களும் கிளைகளும் பொது. பட்டியலிடும் கட்டளை 2016இலும், இடம்மாற்றவும் நீக்கவும் ஆன கட்டளைகள் 2018இலும் சேர்ந்தன.

ஒரு கிளையை ஒரு நேரத்தில் ஓர் ஒர்க்ட்ரீயில் மட்டுமே திறக்கலாம் என்பது இதன் இயல்பான விதி. ஓர் அடைவில் கமிட் செய்தால் கிளையின் முனை நகரும். அதே கிளையில் நிற்கும் மற்ற அடைவின் இண்டெக்ஸ் பின்தங்கிப் பொய்யாகிவிடும். நகரங்களுக்கு இடையே மல்டிசைட் வைத்த உரிமை விதியும் இதுவும் ஒரே சிக்கலுக்குத் தரப்பட்ட விடைகள். முன்பு இரு கண்டங்களுக்கு இடையே தேவைப்பட்ட ஒழுங்கு, இப்போது ஒரே மடிக்கணினிக்குள் தேவைப்படுகிறது. ஒன்று மற்றொன்றிலிருந்து எடுக்கப்பட்டது என்று நான் கூறவில்லை. ஒரே நெருக்கடி ஒரே வடிவைத் தந்திருக்கிறது என்கிறேன்.

கிளியர்கேஸ் தந்த அனைத்தும் திரும்பிவிடவும் இல்லை. கோப்புக்குக் கோப்பு வேறு பதிப்பைத் தேர்ந்துகொள்ளும் வசதி ஒர்க்ட்ரீயில் கிடையாது. சப்மாட்யூல் உள்ள களஞ்சியங்களுக்கு இதன் ஆதரவு முழுமையாகவில்லை என்று கிட்டின் கையேடே எச்சரிக்கிறது. ஆயினும் பராமரிப்புப் பணிக்கு ஒர்க்ட்ரீயே மேல் என்பது என் முடிவு. சேவையகமும் உரிமக் கட்டணமும் இல்லாமல், ஒரு மாணவரின் கணினியிலும் அது இயங்குகிறது. நிரல் எழுதும் செயற்கை நுண்ணறிவு முகவர்கள் பலவற்றை ஒரே களஞ்சியத்தில் இணையாக ஓட்டவும் இப்போது அதையே பயன்படுத்துகிறார்கள்.

இந்த வரலாற்றின் பெங்களூர்ப் பக்கத்துக்கான சான்றுகள், நிறுவனங்கள் கைவிட்ட கான்ஃபிக் ஸ்பெக்குகளிலும் செயல்முறைக் கையேடுகளிலும் ஓய்வுபெற்றவர்களின் குறிப்பேடுகளிலும் இருக்கின்றன. நகரில் தேசிய உயிரியல் அறிவியல் மையத்தின் (என்சிபிஎஸ்) வளாகத்தில் 2019 முதல் அறிவியல் வரலாற்றுக்கான பொது ஆவணக் காப்பகம் ஒன்று இயங்குகிறது. 1990களில் இத்துறையில் பணியாற்றியவர்கள், நிறுவன ரகசியத்துக்கு உட்படாத தங்கள் தாள்களை அழிப்பதற்கு முன் இத்தகைய காப்பகங்களை அணுக வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.