ஆட்டோ பைலட்: கைமாறிய வேலைகளின் வரலாறு

விமானத்தைத் தானாகப் பறக்கவைக்கும் முயற்சிக்கும் விமானத்துக்கும் ஏறக்குறைய ஒரே வயது. ரைட் சகோதரர்களின் விமானம் தரையைவிட்டு எழும்பியது 1903 டிசம்பரில். அதற்குப் பதினோரு ஆண்டு நிறைவதற்குள், 1914 ஜூன் 18 அன்று, பாரிஸுக்கு வெளியே பெசோன் என்ற இடத்தில், ஓட்டுபவர் கையை எடுத்துவிட்ட பிறகும் ஒரு விமானம் சேன் நதிக்கு மேலே நேராகப் பறந்தது. ஓட்டிவந்தவர் லாரன்ஸ் ஸ்பெரி என்ற அமெரிக்க இளைஞர், வயது 21. பாதுகாப்பான விமானத்துக்கு 50,000 பிராங்க் பரிசு என்று அறிவித்து நடத்தப்பட்ட போட்டி அது. கர்டிஸ் நிறுவனத்தின் பறக்கும் படகை நடுவர்களின் முன்னால் தாழ்வாக ஓட்டிவந்த ஸ்பெரி, இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினார். அடுத்த சுற்றில் அவருடைய மெக்கானிக் எமில் காஷென் இருக்கையைவிட்டு எழுந்து இறக்கையின் மேல் நடந்துபோனார். ஒரு பக்கம் ஆள் பாரம் ஏறினால் அந்தக் காலத்து விமானம் அந்தப் பக்கமே சாய்ந்துவிடும். அன்று சாயவில்லை. யாரும் தொடாமலே இறக்கையோரத்துப் பலகைகள் அசைந்து சாய்வைச் சரிசெய்தன.

வேகமாகச் சுற்றும் பம்பரம் சாயாமல் நிற்பதைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கருவியின் அடிப்படை புரியும். கைரோஸ்கோப் என்பது சட்டத்துக்குள் பொருத்திய பம்பரம்தான். விமானம் எப்படித் திரும்பினாலும் அது தன் நிலையை மாற்றிக்கொள்ளாது. அதற்கும் விமானத்துக்கும் இடையே தோன்றும் கோணம்தான் விமானம் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பதன் அளவு. லாரன்ஸின் தந்தை எல்மர் ஸ்பெரி இதே தத்துவத்தைக் கப்பல்களுக்கான திசைகாட்டியில் பயன்படுத்தியவர். மகன் அதை விமானத்துக்குக் கொண்டுவந்தார்.

கருவி சோர்வைப் போக்கும் துணையாக முதலில் பெயர் வாங்கியது 1933 ஜூலையில். வைலி போஸ்ட் ‘வின்னி மே’ என்ற லாக்ஹீட் வேகா விமானத்தில் தனியாளாக உலகைச் சுற்றிவந்தார். ஆன காலம் 7 நாள், 18 மணி, 49 நிமிடம். ஒற்றைக் கண் பார்வையோடு பறந்த மனிதர் அவர். ஸ்பெரி நிறுவனத்தின் தானியங்கி மட்டத்தையும் திசையையும் பிடித்துக்கொண்டிருந்ததால்தான் அவரால் வரைபடத்தைப் பார்க்கவும் சற்றே கண்ணயரவும் முடிந்தது.

அதன் பிறகு காக்பிட்டிலிருந்து ஆட்கள் ஒவ்வொருவராக வெளியேறினார்கள். 1950களில் கடல் கடந்து போகும் பயணிகள் விமானத்தில் கேப்டன், துணை விமானி, ஃபிளைட் எஞ்சினியர், நேவிகேட்டர், ரேடியோ ஆபரேட்டர் என்று ஐந்து பேர் வரை இருப்பார்கள். தெளிவான குரல் ரேடியோ வந்ததும் மோர்ஸ் தட்டுபவருக்கு வேலையில்லை. விமானம் தன் இருப்பிடத்தைத் தானே கணக்கிடும் கருவிகள் வந்ததும், நட்சத்திரங்களை அளந்து வழி சொன்ன நேவிகேட்டர் இறங்கினார். ஃபிளைட் எஞ்சினியர் விஷயத்தில் மட்டும் பெரிய சண்டையே நடந்தது. எஞ்சின், எரிபொருள், மின்சாரம், காற்றழுத்தம் ஆகியவற்றைப் பார்த்துக்கொள்ளும் மூன்றாவது ஆள் இல்லாமல் பறப்பது ஆபத்து என்று விமானிகள் சங்கங்கள் வாதிட்டன. அமெரிக்க அதிபர் அமைத்த குழு, இரண்டு பேர் போதும் என்று 1981-இல் சொன்னது. போயிங் 757, 767 முதல் புதிய விமானங்களில் அந்த மூன்றாவது நாற்காலி போனது.

இதற்கிடையே தானியங்கி தரையையும் தொட்டுவிட்டது. லண்டனின் மூடுபனியில் விமானங்கள் இறங்க முடியாமல் திரும்பிப்போவது பிரிட்டனுக்குத் தீராத தலைவலி. 1965 ஜூன் 10 அன்று, பாரிஸிலிருந்து பயணிகளோடு வந்த டிரைடன்ட் விமானம் ஒன்றை ஹீத்ரோவில் தரைதொடவைத்தது ஆட்டோ பைலட். ஒரே வேலையைச் செய்யும் மூன்று தானியங்கிகளை வைத்து, ஒன்று மற்ற இரண்டோடு முரண்பட்டால் அதை ஒதுக்கிவிடும் ஏற்பாட்டை டிரைடன்டுக்காகவே உருவாக்கினார்கள். இன்று டெல்லியில் ஜனவரி மாதப் பனிக்குள் விமானங்கள் இறங்குவது அந்த வழியில் வந்த கருவிகளால்தான்.

கருவியை நம்பி எல்லோரும் கண்ணை எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்பது 1972 டிசம்பர் 29 இரவு தெரிந்தது. மயாமியில் இறங்கவிருந்த ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸ் 401-இல், முன்சக்கரம் பூட்டிக்கொண்டதைக் காட்டும் சிறு பல்பு எரியவில்லை. விமானத்தை 2,000 அடியில் ஆட்டோ பைலட்டிடம் விட்டுவிட்டு, காக்பிட்டில் இருந்த அத்தனை பேரும் அந்தப் பல்பைச் சுற்றி வேலை பார்த்தார்கள். யாரோ ஸ்டியரிங் தண்டில் லேசாக அழுத்தியதில், உயரத்தைப் பிடித்துவைத்திருந்த செயல்பாடு விலகிவிட்டது. விமானம் மெல்ல மெல்ல இறங்கி எவர்கிளேட்ஸ் சதுப்பு நிலத்தில் மோதியது. 101 பேர் இறந்தார்கள். சக்கரம் சரியாகத்தான் இருந்தது, பல்புதான் போயிருந்தது.

பிரிட்டிஷ் உளவியலாளர் லிசான் பெய்ன்பிரிட்ஜ் 1983-இல் எழுதிய சில பக்கக் கட்டுரை, இந்தத் துறையில் எழுதப்பட்டவற்றில் மிக ஆழமானது என்று தயங்காமல் சொல்லலாம். எளிதான வேலைகளை எந்திரத்திடம் கொடுத்துவிட்டால் மனிதனுக்கு மிஞ்சுவது கடினமான வேலைகள் மட்டும்தான் என்றார் அவர். ஒன்றும் நடக்காத திரையை மணிக்கணக்கில் கண்காணிப்பது மனிதனுக்குக் கைவராத வேலை. அதைத்தான் அவனிடம் கொடுத்திருக்கிறோம். எந்திரம் கைவிடும் நொடியில் அவன் கைத்திறன் தேவைப்படும். ஆனால் அன்றாடம் பழகாத திறன் அதற்குள் துருப்பிடித்திருக்கும்.

1987 பிப்ரவரியில் முதன்முதலாகப் பறந்த ஏர்பஸ் ஏ320 இந்த உறவை இன்னொரு கட்டத்துக்குக் கொண்டுபோனது. விமானியின் கை அசைவு கம்பிக் கயிறுகள் வழியாக இறக்கைக்குப் போகாமல், கணினிக்குப் போனது. விமானி எவ்வளவு இழுத்தாலும் விமானம் ஸ்டால் ஆகும், அதாவது இறக்கை தன் தூக்குவிசையை இழக்கும், கோணத்துக்குக் கணினி விடாது. பக்கவாட்டில் ஒரு சிறு குச்சி. ஆட்டோ பைலட்டுக்கு ஆணையிடக் கண்ணாடிக்குக் கீழே ஒரு வரிசைத் திருகுகள். பழைய விமானங்களில் எஞ்சின் விசையைத் தானியங்கி கூட்டும்போதும் குறைக்கும்போதும் விமானிகளுக்கு நடுவே இருக்கும் த்ராட்டில் நெம்புகோல்களும் கூடவே நகரும். ஏ320-இல் அவை அசையாமல் நிற்கும். விசையைத் திரையில் படித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

இந்தியன் ஏர்லைன்ஸ் இந்த விமானத்தை 1989-இல் பெறத் தொடங்கியது. 1990 பிப்ரவரி 14 அன்று பம்பாயிலிருந்து பெங்களூருக்கு 146 பேரோடு வந்த 605-ஆம் எண் விமானம் பிற்பகல் ஒரு மணி வாக்கில் இறங்கிக்கொண்டிருந்தது. பகல் வெளிச்சம், ஓடுபாதை கண்முன்னே தெரிந்தது. தானியங்கி அப்போது எஞ்சின்களை மிகக் குறைந்த விசையில் வைத்துக்கொண்டு இறங்கும் முறையில் இருந்தது. அந்த முறையில் தானியங்கி விசையைக் கூட்டாது. மூக்கைத் தாழ்த்தித்தான் வேகத்தைக் காக்க முடியும். ஓடுபாதையை எட்ட விமானி மூக்கைத் தூக்கத் தூக்க வேகம் கரைந்தது. தரைக்கும் விமானத்துக்கும் உள்ள தூரத்தை எந்திரக் குரல் நானூறு, முந்நூறு, இருநூறு என்று சொல்லிக்கொண்டே வந்தது. த்ராட்டிலைத் தள்ளியபோது நேரம் கடந்துவிட்டது. விமானம் ஓடுபாதைக்கு முன்னால் இருந்த கோல்ஃப் மைதானத்தில் விழுந்து, கரை ஒன்றில் மோதித் தீப்பிடித்தது. 92 பேர் இறந்தார்கள்.

அவ்வளவு தாழ்வில் அந்த முறை எப்படி வந்தது? நிமிடத்துக்கு 700 அடி இறங்கு என்று வைக்கப்போன கை, இன்னொரு திருகைத் திருப்பி 700 அடி உயரத்துக்குப் போ என்று வைத்திருக்கலாம் என்பது விசாரணையில் எழுந்த ஊகம். அதை உறுதியாக நிறுவ முடியவில்லை. அன்றைய பெங்களூர் விமான நிலையமே கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,900 அடி உயரத்தில் இருந்தது; 700 அடி என்பது தரைக்கும் கீழே. விமானிகள் த்ராட்டிலை உடனே தள்ளாததுதான் காரணம் என்று விசாரணை மன்றம் முடிவுசெய்தது. அது உண்மை, ஆனால் முழு உண்மை அல்ல. வேகத்தைத் தானியங்கி பார்த்துக்கொள்கிறது என்று நினைத்த மனிதர்களும், மனிதர் சொன்ன முறையிலேயே நின்ற தானியங்கியும் ஒரே காக்பிட்டில் இருந்தார்கள். இந்தியாவின் ஏ320 விமானங்கள் பல மாதங்கள் தரையில் நிறுத்திவைக்கப்பட்டன.

இரண்டு ஆண்டு கழித்து, 1992 ஜனவரி 20 இரவு, பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பர்க் அருகே இன்னொரு ஏ320 மலையில் மோதி 87 பேர் இறந்தார்கள். அதற்கும் ஒரு திருகுதான் காரணமாகத் தோன்றியது. 3.3 டிகிரி சரிவில் இறங்கு என்றாலும், நிமிடத்துக்கு 3,300 அடி இறங்கு என்றாலும் அந்தச் சிறு ஜன்னலில் தெரிவது மூன்றும் மூன்றும்தான். வேறுபாடு ஒரு புள்ளி. பிறகு இறங்கும் வேகத்தை நான்கு இலக்கமாகக் காட்டும்படி மாற்றினார்கள்.

எந்திரத்தின் மறுபக்கத்தையும் சொல்லாமல் விடுவது நியாயமாகாது. நல்ல நிலையில் உள்ள விமானத்தை இருட்டிலோ மேகத்திலோ மலையில் கொண்டுபோய் மோதுவதுதான் பல பத்தாண்டுகளாகப் பெரிய கொலையாளியாக இருந்தது. டான் பேட்மேன் என்ற எஞ்சினியர் உருவாக்கிய தரை அணுகல் எச்சரிக்கைக் கருவி அதை வெகுவாகக் குறைத்தது. எத்தனை உயிர் பிழைத்தது என்று எண்ணவே முடியாத வகையான சாதனை அது. டெல்லிக்கு அருகே சர்க்கி தாத்ரியில் 1996 நவம்பர் 12 அன்று இரண்டு விமானங்கள் நடுவானில் மோதி 349 பேர் இறந்த பிறகு, மோதல் தவிர்ப்புக் கருவியான டிகாஸை இந்தியா கட்டாயமாக்கியது. 2002 ஜூலை 1 இரவு ஜெர்மனியின் ஊபர்லிங்கனுக்கு மேலே ரஷ்ய விமானம் ஒன்றிடம் டிகாஸ் ஏறு என்றது; தரையிலிருந்த கட்டுப்பாட்டாளர் இறங்கு என்றார். ரஷ்ய விமானிகள் மனிதக் குரலைக் கேட்டு இறங்கினார்கள். எதிரே வந்த சரக்கு விமானமோ டிகாஸ் சொன்னபடி இறங்கிக்கொண்டிருந்தது. 71 பேர் போனார்கள். இரண்டும் முரண்பட்டால் கருவி சொல்வதையே கேட்க வேண்டும் என்பது அதன் பிறகு ஐயத்துக்கு இடமில்லாத விதியானது.

2009-ஆம் ஆண்டு ஐந்து மாதத்துக்கும் குறைந்த இடைவெளியில் இரு முனைகளையும் காட்டியது. ஜனவரி 15 அன்று நியூயார்க்கில் பறவைகள் மோதி இரண்டு எஞ்சின்களும் செயலிழந்த ஏ320-ஐ, செஸ்லி சல்லன்பெர்கர் ஹட்சன் நதியில் இறக்கினார். 155 பேரும் பிழைத்தார்கள். நதியைத் தேர்ந்தெடுத்தது மனித மூளை. கடைசி நொடிகளில் விமானம் ஸ்டால் ஆகாமல் எல்லைக்குள் வைத்தது கணினி.

ஜூன் 1 அதிகாலை, ரியோவிலிருந்து பாரிஸுக்கு 228 பேரோடு அட்லாண்டிக்கைக் கடந்துகொண்டிருந்த ஏர் பிரான்ஸ் 447-இன் வேகத்தை அளக்கும் குழாய்களில் பனித்துகள் அடைத்தது. வேகம் தெரியாமல் ஆட்டோ பைலட் விலகிக்கொண்டது. ஸ்டால் தடுப்புப் பாதுகாப்பும் கூடவே போனது. கேப்டன் ஓய்வுக்குப் போயிருந்தார். ஒன்றும் செய்யாமல் மட்டத்தையும் விசையையும் அப்படியே பிடித்திருந்தால் போதும். ஒரு நிமிடத்துக்குள் அளவீடுகள் திரும்பிவிட்டன. ஆனால் ஓட்டியவர் மூக்கைத் தூக்கினார். விமானம் 38,000 அடி வரை ஏறி, ஸ்டால் ஆகி விழத் தொடங்கியது. வேகம் ஓர் அளவுக்குக் கீழே போனதும் கணினி அந்த அளவீட்டையே நம்பாமல் ஸ்டால் எச்சரிக்கையை நிறுத்தியது. மூக்கைத் தாழ்த்தி வேகம் கொஞ்சம் கூடினால் எச்சரிக்கை மறுபடி அலறியது. அதாவது, சரியானதைச் செய்யும்போது திட்டும். தவறைச் செய்யும்போது அமைதியாகும். ஆட்டோ பைலட் விலகியதிலிருந்து கடலில் மோதியது வரை நான்கு நிமிடம் இருபத்து மூன்று நொடி. ஏறத்தாழ 3,900 மீட்டர் ஆழத்திலிருந்து 2011-இல் எடுக்கப்பட்ட பதிவுப் பெட்டிகள்தான் இந்தக் கதையைச் சொன்னவை.

அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் 2013 ஜனவரியில், வாய்ப்புள்ளபோதெல்லாம் விமானிகள் கையால் ஓட்டிப் பழக நிறுவனங்கள் ஊக்கம் தர வேண்டும் என்று அறிவுறுத்தியது. ஸ்டாலிலிருந்து மீளும் பயிற்சி சிமுலேட்டர்களில் கட்டாயமானது.

போயிங் 737 மேக்ஸில் சிக்கல் தலைகீழ். அங்கே எந்திரம் கைவிடவில்லை, விடமாட்டேன் என்றது. பெரிய எஞ்சின்களால் மூக்கு மேலெழும் இயல்பைச் சரிக்கட்ட எம்காஸ் என்ற மென்பொருளைச் சேர்த்தார்கள். ஒரே ஒரு சென்சாரை நம்பி அது மூக்கைக் கீழே தள்ளும். விமானிகளின் கையேட்டில் அதன் விளக்கம் இல்லை. 2018 அக்டோபர் 29 அன்று ஜகார்த்தாவிலிருந்து கிளம்பிய லயன் ஏர் விமானத்தில் சென்சார் தவறாகக் காட்ட, கேப்டன் இருபது தடவைக்கும் மேலாக மூக்கைத் தூக்கிப் போராடினார். 189 பேர் இறந்தார்கள். 2019 மார்ச் 10 அன்று எத்தியோப்பியாவில் 157 பேர். அந்த விமானிகள், தங்களுக்கு அறிவுறுத்தப்பட்டபடி, மூக்கைத் தாழ்த்தும் மோட்டாரின் மின்சாரத்தைத் துண்டித்தும் பார்த்தார்கள்; அந்த வேகத்தில், மூக்கைக் கையால் சரிசெய்வதற்கான சக்கரம் திரும்பவில்லை. இறந்த இந்த 346 பேரின் கணக்கை விமானிகளின் திறமைக்குறைவில் எழுத முயன்றவர்கள் உண்டு. தனக்குச் சொல்லப்படாத ஒன்றோடு ஒருவர் போராடித் தோற்றதை அவர் குறையாக எழுதுவது அநியாயம். இரண்டு சென்சார்களையும் ஒப்பிட்டு, ஒருமுறை மட்டும் இயங்கி, விமானியின் கைக்கு அடங்கும்படி எம்காஸ் திருத்தப்பட்ட பிறகே 2020 நவம்பரில் அமெரிக்கா மீண்டும் பறக்க அனுமதித்தது.

இப்போது சண்டை நடப்பது எஞ்சியிருக்கும் இரண்டு நாற்காலிகளில் ஒன்றின் மேல். விமானி மயங்கிவிட்டால் பயணி ஒரு பொத்தானை அழுத்தினால் போதும், அருகிலுள்ள ஓடுபாதையைத் தேடித் தானே இறங்கும் கார்மின் நிறுவனத்தின் கருவிக்குச் சிறு விமானங்களில் 2020-இல் அனுமதி கிடைத்தது. அதே ஆண்டில் ஏர்பஸ், கேமராக்களின் துணையோடு ஏ350 தானாகக் கிளம்பி, தானாக இறங்கும் சோதனைகளை முடித்தது. நீண்ட பயணத்தின் நடுப்பகுதியில் காக்பிட்டில் ஒருவர் மட்டும் இருந்தால் போதுமா என்று ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு முகமை ஆராய்ந்தது. இருவர் இருப்பதற்கு ஈடான பாதுகாப்பை இன்றைய காக்பிட்டுகளில் போதுமான அளவு நிரூபிக்க முடியவில்லை என்று 2025-இல் அறிக்கை தந்தது. ஒருவர் உறங்கிவிட்டாலோ, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தாலோ, மற்றவர் பார்வையில் தப்பியதை யார் பார்ப்பது என்ற கேள்விக்கு இன்னும் விடையில்லாததால், பெரிய பயணிகள் விமானங்களில் இரண்டாவது நாற்காலி இருக்கிறது.