மணலும் நாழியும்: திண்ணைப் பள்ளியின் கைக்கணக்கு

கோலா தெர்லா போன்ற மலையூர்ப் பள்ளிகளில் முதலாம் ஆண்டுப் பிள்ளைகளைக் குழுவாக அமர்த்தி, குச்சியும் விதையும் கொடுத்துக் கணக்குக் கற்பிப்பதைப் புதிய கல்வியியலின் கொடை என்று கருதுவோர் பலர். அதன் வரலாறு நாம் எண்ணுவதைவிட நீளமானது. அதன் ஒரு முனை தமிழ்நாட்டுத் திண்ணையில் கிடக்கிறது.

திண்ணைப் பள்ளியில் சேர்ந்த பிள்ளை உடனே ஓலையைத் தொடவில்லை. தரையில் பரப்பிய மணலில் விரலால் எழுதிற்று. பொன்னிலக்கம், நெல்லிலக்கம், எண்சுவடி என்பன அதன் கணக்குப் பாடங்கள். இவற்றுள் நெல்லிலக்கம் என்னை மிகவும் கவர்வது. ஐந்து செவிடு ஓர் ஆழாக்கு. இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு. இரண்டு உழக்கு ஓர் உரி. இரண்டு உரி ஒரு நாழி. எட்டு நாழி ஒரு குறுணி. பன்னிரண்டு குறுணி ஒரு கலம். நாழிக்கு எத்தனை ஆழாக்கு என்றால், மும்முறை இரட்டித்து எட்டு என்று பிள்ளை விடை கூறும். வாயால் சொன்ன அக்கணக்கையே வீட்டில் நெல் அளக்கும்போது கண்ணாலும் கண்டது. சட்டாம்பிள்ளை முன்னே சொல்ல மற்றவர் பின்னே சொல்வர். மூத்தோர் இளையோரின் பாடத்தைக் கேட்பர். வெறும் மனப்பாடம் என்று பின்னாளில் இதனை இகழ்ந்தவர்கள் அந்த மரக்காலையும் படியையும் பார்க்கத் தவறினர்.

பார்த்தவர் ஒருவர் உண்டு, பாதி மட்டும். ஸ்காட்லாந்து மதகுரு ஆண்ட்ரூ பெல் 1789-இல் சென்னை எழும்பூரில், ஐரோப்பியப் படைவீரர்தம் ஆண்பிள்ளைகளுக்கான ஆதரவில்லத்தின் பொறுப்பை ஏற்றார். ஒருநாள் காலை குதிரையில் செல்கையில், ‘மலபார்’ பள்ளி ஒன்றில் பிள்ளைகள் மணலில் எழுதக் கண்டார். (அக்கால ஐரோப்பியர் தமிழரையும் மலபார் என்றே அழைத்தனர்.) தம் இல்லத்து உதவியாசிரியர் அம்முறையை ஏற்க மறுக்கவே, ஜான் ஃபிரிஸ்கன் என்னும் எட்டு வயதுச் சிறுவனிடம் தொடக்க வகுப்பை ஒப்படைத்தார். முயற்சி பலித்தது. 1797-இல் இலண்டனில் அதனை நூலாக வெளியிட்டார். ‘சென்னை முறை’ என்னும் பெயரில் அது இங்கிலாந்துப் பள்ளிகளில் பரவிற்று. மணலையும் சட்டாம்பிள்ளையையும் கொண்டு சென்றவர், நாழியை இங்கேயே விட்டுச் சென்றார்.

திண்ணையைப் போற்றும்போது மறைக்கலாகாத செய்தியும் உண்டு. அங்கே தண்டனை கொடியது. பெண்பிள்ளைகளுக்கும் ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளுக்கும் பெரும்பாலும் அங்கு இடமில்லை. மலாயாத் தோட்டங்களுக்குக் கப்பலேறியவர்களில் பலர் அத்திண்ணையில் ஏற முடியாத குடும்பத்தினரே.

அவர்தம் பிள்ளைகளுக்குப் பள்ளி வந்த விதம் வேறு. ஏழு முதல் பதினான்கு வயதுப் பிள்ளைகள் பத்துப்பேர் இருந்தால் தோட்டம் பள்ளி நடத்த வேண்டும் என்று, பகாங் உள்ளிட்ட கூட்டு மலாய் மாநிலங்களின் 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்தது. ஜே. ஏ. ரசல் கேமரன் மலையில் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கியது அதன்பின், 1929-இல். அக்காலத் தோட்டப் பள்ளி பெரும்பாலும் ஒரே கூடம், ஒரே ஆசிரியர், பல வகுப்புகள். மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குக் கற்பிக்காமல் அங்கே நாள் நகராது. திண்ணை மறுக்கப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகளிடம் திண்ணையின் முறை இவ்வாறு வந்து சேர்ந்தது.

முறை வந்தது, சொற்கள் முழுதும் வரவில்லை. காத்தி என்னும் நிறையால் கடைகளில் பண்டம் வாங்கிய காலத்தில், ஒரு காத்திக்குப் பதினாறு தாஹில். பதினாறில் ஒன்றைத் தமிழர் வீசம் என்றும் மாகாணி என்றும் வழங்கினர். மெட்ரிக் அளவை வந்தபின் காத்தியும் ஒதுங்கிற்று, வீசமும் ஒதுங்கிற்று.

ஆசிரியர்கள் ஒரு நாள் செய்து பார்க்கலாம். நால்வர் கொண்ட குழுவுக்கு ஒரு கிலோ தேயிலையும் ஒரு தட்டுத் தராசும் போதும், எடைக்கற்கள் வேண்டா. ஒருவர் பகுக்க, ஒருவர் தராசைப் பிடிக்க, ஒருவர் மணலில் எழுத, ஒருவர் பெயர் சொல்லட்டும். அரை, கால், அரைக்கால். நான்காம் முறை பகுத்ததும் தட்டில் நிற்பது அறுபத்திரண்டரை கிராம், ஒரு வீசம்.