தறியும் முதுமைச் சேமிப்பும்

முதுமை அறிவிப்பின்றி வருவதன்று. அரசு அலுவலர் ஒருவர் தாம் ஓய்வுபெறும் நாளைப் பணியிற் சேர்ந்த அன்றே கணக்கிட்டுவிடலாம். தறியில் அமரும் நெசவாளருக்கோ அப்படி ஒரு நாள் குறிக்கப்படுவதில்லை. கண் மங்கி, கால் தளரும்போதுதான் அவருக்கு ஓய்வு வருகிறது. அந்நாளுக்கு வேண்டிய பொருளை அவர் எங்ஙனம் சேர்த்தார், பல காலம் ஏன் சேர்க்க இயலாமற் போயிற்று என்பதைச் சிறிது காண்போம்.

சேலம் நகரைச் சேர்ந்த அம்மாபேட்டை நெசவாளர் வாழும் பகுதி. குழித்தறியில் ஒருவர் அமர்ந்து நெய்வார். பாவு ஓட்டுவதும், தார் சுற்றுவதும், இழை பிணைப்பதும் வீட்டிலுள்ள பெண்களும் முதியவர்களும் செய்யும் வேலை. ஆனால், கூலியோ நெய்து முடித்த துணிக்கே உண்டு. மழை பெய்து பாவடியில் வேலை நின்றால் கூலி இல்லை. நூல் கிடைக்காவிட்டாலும் இல்லை. தாத்தாவின் கை ஓய்ந்தபின் பேரனின் கை நெய்யும். இக்குடும்ப ஏற்பாடே நெடுங்காலம் நெசவாளரின் ஓய்வூதியமாக இருந்தது. மகன் வேறு தொழிலுக்குப் போய்விட்டால் அந்த ஆதரவும் அற்றுவிடும்.

இதனினும் பெரிய இடையூறு ஒன்று உண்டு. தனியார் முதலாளியிடம் நூல் வாங்கி நெய்பவர் பலர், திருமணத்துக்கும் மருத்துவத்துக்கும் அவரிடமே முன்பணம் பெற்றனர். அது கூலியிற் சிறிது சிறிதாகக் கழிக்கப்படும்; தீருமுன் மீண்டும் ஒரு தேவை எழும். சேமிப்பு என்பது இன்றைய உழைப்பை நாளைக்கு வைப்பது. முன்பணம் என்பது நாளைய உழைப்பை இன்றே செலவிடுவது. கடனில் தொடங்கிய வாழ்க்கையில் முதுமைக்கென மிஞ்சுவது யாது?

முதியோரைக் காப்பது சமுதாயத்தின் கடமை என்னும் எண்ணம் சட்டமாக உருப்பெற்றது அண்மைக் காலத்திலேதான். 1889-இல் ஜெர்மனி, தொழிலாளரும் முதலாளிகளும் பங்கு செலுத்தும் முதுமைக் காப்பீட்டை ஏற்படுத்தியது. ஓய்வூதியம் பெறும் வயது 70. பிரிட்டன் 1908-இல் சட்டம் இயற்றி, 70 வயது கடந்த ஏழைகளுக்கு வாரம் 5 ஷில்லிங் வரை வழங்கிற்று. நம் நாட்டில் 1882-இல் அஞ்சலகச் சேமிப்பு வங்கி தோன்றியது. சிறு தொகையையும் ஏற்கும் நல்ல ஏற்பாடு அது. எனினும், செலவு போக மிஞ்சியதை மக்களே கொண்டுபோய்ப் போட வேண்டும். மிஞ்சாதவர்க்கு அதனாற் பயன் என்ன?

1952-ஆம் ஆண்டின் தொழிலாளர் வருங்கால வைப்பு நிதிச் சட்டம் இம்முறையை மாற்றியது. சம்பளம் கைக்கு வருமுன்பே நூற்றுக்கு 6¼ பங்கு பிடிக்கப்பட்டது. அதே அளவு தொகையை முதலாளியும் செலுத்த வேண்டும். அக்காலக் கணக்கில் அது ரூபாய்க்கு ஓரணா. முதலில் 6 தொழில்கள் இச்சட்டத்தில் சேர்க்கப்பட்டன. அவற்றுள் துணி ஆலைத் தொழிலும் ஒன்று. ஆனால், 50 பேருக்குக் குறையாத தொழிற்சாலைகளுக்கே அன்று சட்டம் பொருந்தியது. ஆகவே ஆலையில் துணி நெய்தவருக்கு முதுமை நிதி கிடைத்தது. தம் வீட்டுத் தறியில் துணி நெய்தவருக்குக் கிடைக்கவில்லை. இருவரும் செய்தது நெசவே. ஒருவருக்கு முதலாளி பெயரும் வருகைப் பதிவேடும் இருந்தன, மற்றவருக்கு இல்லை.

அந்தக் குறையைத் தீர்க்கக் கூட்டுறவு வழிசெய்தது. 1904-இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. 1935-இல், இன்று 'கோ-ஆப்டெக்ஸ்' என நாம் அறியும் மாநில நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. ஊர்தோறும் அமைந்த நெசவாளர் சங்கங்கள் உறுப்பினருக்கு நூல் கொடுத்து, துணியைப் பெற்று, கூலி வழங்கின. கூலி கொடுக்கும் பேரேடு ஒன்று இருந்தமையால் அதிற் சேமிப்பையும் எழுத முடிந்தது. 1975-இல் தமிழக அரசு, கூட்டுறவு நெசவாளர்களுக்கெனச் சேமிப்பு மற்றும் பாதுகாப்புத் திட்டத்தைத் தொடங்கியது. இதன்படி கூலியில் ரூபாய்க்கு 8 காசு பிடிக்கப்படும், அரசு 4 காசு சேர்க்கும், வட்டியும் கூடும்.

இதைக் கணக்கிட்டுப் பாருங்கள். மாதம் 5,000 ரூபாய் கூலி பெறும் ஒருவர் பங்கு 400 ரூபாய். அரசின் பங்கு 200 ரூபாய். ஆண்டுக்கு 7,200 ரூபாய். முப்பது ஆண்டுகளில், வட்டியைச் சேர்க்காமலே, 2,16,000 ரூபாய் ஆகும். அன்றாடம் கைக்கு வந்திருந்தால் தனித்தனியே செலவாகியிருக்கக்கூடிய காசுகள் இவை.

இத்திட்டத்திற்கும் எல்லை உண்டு. கூலி குறைந்தால் சேமிப்பும் குறையும். தறி நின்றால் அதுவும் நிற்கும். விலைவாசி ஏறினால் சேர்த்த தொகையின் வலிமை தேயும். சங்கத்திற்கு வெளியே தனியாரிடம் நெய்பவருக்கு இப்பேரேட்டில் இடமில்லை. அத்தகையோரும் சேரும் வகையில், 2015-இல் மத்திய அரசு அடல் ஓய்வூதியத் திட்டத்தைக் கொணர்ந்தது. 18 முதல் 40 வயது வரையுள்ளோர் அதிற் சேரலாம். செலுத்தும் தொகைக்கேற்ப 60 வயதுக்குமேல் மாதம் 1,000 முதல் 5,000 ரூபாய் வரை பெறலாம். எனினும், நாள் கூலியை நம்பியவர் இடையறாது செலுத்துவது எளிதன்று. அதனால் கூலி ஒழுங்காகக் கிடைக்கச் செய்வதும் முதுமைக்குச் செய்யும் பாதுகாப்பே ஆகும்.

மாணவ நண்பர்களே! சிக்கனம் தனி மனிதரின் நற்பண்பு என்று நூல்கள் போதிக்கின்றன. உண்மைதான். ஆனால், நெசவாளரின் வரலாறு மற்றொன்றையும் உணர்த்துகிறது. ஆலைத் தொழிலாளி வீட்டு நெசவாளரைவிடச் சிக்கனமானவர் என்பதாலா முதலில் நிதி பெற்றார்? அன்று. வருவாய் கைக்கு வரும் இடத்திலேயே ஒரு பகுதியை ஒதுக்கும் ஏற்பாடும், அதற்குத் துணை நிற்கும் மற்றொரு பங்கும் அவருக்கு வாய்த்தன. நாளை நீங்கள் சம்பளம் பெறும்போது, செலவு போக மிச்சத்தைச் சேமிப்போம் எனக் காத்திராமல், முதலிலேயே ஒரு பங்கை ஒதுக்குங்கள். பிறருக்குக் கூலி கொடுக்கும் நிலையை அடைந்தால், அவர்கள் முதுமைக்கான பங்கும் அக்கூலியில் அடங்கியிருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.