கொரிந்து நகருக்கு எழுதிய கடிதம்

கிறிஸ்தவத் திருமணங்களுக்குச் சென்று வந்த மாணவர்கள், அன்பைப் பற்றிய ஒரு வேதப்பகுதி அங்கே படிக்கப்படுவதைக் கேட்டிருக்கக் கூடும். விசுவாசம், நம்பிக்கை, அன்பு ஆகிய மூன்றையும் ஒருங்கே கூறி, அன்புக்கு முதலிடம் தந்து முடியும் பகுதி அது. மணமக்களை வாழ்த்த எழுந்த சொற்கள் என்றே நானும் நெடுநாள் எண்ணியிருந்தேன். வரலாறு கற்பிக்கத் தொடங்கிய பின்னரே, அது ஒரு கண்டனக் கடிதத்தின் நடுவில் நிற்பது என்பதை உணர்ந்தேன்.

கடிதத்தை எழுதியவர் பவுல். பெற்றவர்கள் கொரிந்து நகரத்துக் கிறிஸ்தவர்கள். கிரேக்க நாட்டில் இரு கடல்களுக்கிடையே அமைந்த அந்நகரை உரோமானியத் தளபதி மும்மியுஸ் கி. மு. 146இல் அழித்தான். நூறாண்டுகளுக்குப் பின், கி. மு. 44இல் ஜூலியஸ் சீசர் அதனைப் புதுக் குடியேற்றமாக நிறுவினார். குடியேறியவருள் பலர் விடுதலை பெற்ற அடிமைகள். பரம்பரைப் பெருமை பேசுவோர் அரிதாயிருந்த அத்துறைமுக நகரில், பணமே பெருமைக்கு அளவுகோலாயிற்று என்பதில் வியப்பில்லை.

கி. பி. 50ஐ ஒட்டிப் பவுல் அங்கே வந்தார். ஆக்கில்லா, பிரிஸ்கில்லாள் என்னும் தம்பதியருடன் கூடாரத் தொழில் செய்து பிழைத்தவாறு ஒன்றரை ஆண்டு தங்கினார். காலத்தை எவ்வாறு அறிந்தோம் என்று நீங்கள் வினவலாம். பவுல்மேல் வழக்குத் தொடுக்கப்பட்டபோது ஆளுநராக இருந்தவர் கல்லியோன். தத்துவ அறிஞர் செனெக்காவின் தமையனார். டெல்பியில் கிடைத்த கல்வெட்டுத் துண்டுகளில் அவர் பெயர் பேரரசர் கிளாடியஸின் காலக் குறிப்போடு காணப்படுகிறது. அதனைக் கொண்டு அவர் ஆட்சியைக் கி. பி. 51, 52 எனக் கணிக்கிறார்கள். பவுலின் வாழ்க்கைக் காலக்கணக்கு பெரிதும் இந்தக் கல்லின்மேல்தான் நிற்கிறது.

அவர் எபேசு நகருக்குச் சென்றபின் தீய செய்திகள் வந்தன. கொரிந்துச் சபையார் ஆளுக்கொரு தலைவர் பெயரைச் சொல்லிக் கட்சி கட்டினர். ஒருவர்மேல் ஒருவர் வழக்காடினர். எல்லாவற்றினும் கொடியது உணவுப் பந்தியில் நிகழ்ந்தது. அக்காலத்தில் கோயிற்கட்டடம் கிடையாது. வசதி படைத்த ஒருவர் இல்லத்தில் கூடி, இயேசுவின் கடைசி விருந்தை நினைந்து உண்பார்கள். உரோமானிய வீட்டு விருந்தறையில் சாய்ந்திருந்து உண்ண ஏறத்தாழ ஒன்பது பேருக்கே இடம் உண்டு. மற்றவர்கள் முற்றத்தில் இருந்திருக்க வேண்டும் என்று அறிஞர் கருதுவர். ஒருவன் குடித்து வெறிக்க, மற்றொருவன் பசித்திருந்தான் என்பது பவுலே சாட்டும் குற்றம். பகலெல்லாம் உழைத்துவிட்டு வந்த அடிமை, தன்னைச் சகோதரன் என்று அழைத்தவர்களின் வீட்டில் வெறும் பாத்திரத்தைப் பார்த்து நின்றான். நம் நாட்டில் பந்தியில் இடம் மறுக்கப்பட்டவர்களின் கதை அறிந்த எனக்கு, இதனைப் படிக்கும்போது கொரிந்து தொலைவான ஊராகத் தோன்றுவதில்லை.

இந்தப் பின்னணியில் அப்பகுதியைப் படித்துப் பாருங்கள். அன்பு எதைச் செய்யாது என்று பவுல் அடுக்கும்போது, பொறாமை, தற்புகழ்ச்சி, இறுமாப்பு என அவர் மறுப்பன எல்லாம் அச்சபையாரின் குற்றங்களே. அன்பில்லாப் பேச்சை வெண்கல ஓசைக்கு ஒப்பிடுகிறார். கொரிந்தோ வெண்கலத்துக்குப் பேர்போன ஊர்.

அவர் வழங்கிய கிரேக்கச் சொற்கள் பிஸ்திஸ், எல்பிஸ், அகாபே என்பன. தமிழில் நம்பிக்கை என்னும் சொல் முதலிரண்டு பொருளையும் தாங்க வல்லது. எனவே முன்னதற்கு விசுவாசம் என்ற வடசொல்லை மொழிபெயர்ப்பாளர் எடுத்துக்கொண்டனர். இறைவனைப் பற்றிக்கொள்வது விசுவாசம். அவன் வாக்கு நிறைவேறும் நாளை எதிர்நோக்கியிருப்பது நம்பிக்கை. இவ்விரண்டிலும் கொரிந்தியர் தம்மைக் குறைந்தவராக எண்ணியதாகத் தெரியவில்லை. மலையைப் பெயர்க்கும் விசுவாசம் இருப்பினும் அன்பின்றேல் பயனில்லை என்று அவர்களிடம் கூறுவதற்கு மிகுந்த துணிவு வேண்டும்.

பவுல் சொல்லோடு நிற்கவில்லை. எருசலேமில் வாடிய ஏழைகளுக்காக, வாரத்தின் முதல் நாள்தோறும் இயன்ற பொருளை எடுத்து வைக்குமாறு அதே கடிதத்தின் இறுதியில் பணித்தார். பின்னர் உரோமாபுரியாருக்கு எழுதியபோது, கொரிந்தைத் தலைநகராகக் கொண்ட அகாயா நாட்டவர் அந்நன்கொடையை மனமுவந்து அளித்ததைக் குறிப்பிடுகிறார். கண்ணாற் காணாத அயலாருக்குக் காசு சேர்த்தவர்கள், அதே முற்றத்தில் நின்றவனையும் பந்தியில் அமர்த்தினார்களா? அதைச் சொல்லும் ஏடு நமக்குக் கிடைக்கவில்லை.

ஆனால் கொரிந்தில் பூசல் ஒழியவில்லை. ஏறக்குறைய கி. பி. 96இல் உரோமாபுரிச் சபையிலிருந்து அவர்களுக்கு மற்றொரு நீண்ட கடிதம் சென்றது. கிளமெந்து எழுதியது என்பர். மூப்பர்களைப் பதவியிலிருந்து நீக்கிய புதிய கலகமே அதற்குக் காரணம். பவுல் எழுதியதை எடுத்துப் படியுங்கள் என்று அக்கடிதம் அவர்களுக்கு நினைவூட்டுகிறது. ஆகவே, அரைநூற்றாண்டுக்குச் சற்றுக் குறைந்த காலத்துக்குப் பின்னும், தங்களைக் கண்டித்த அந்த ஓலையை அவர்கள் கிழித்தெறியாமல் வைத்திருந்தார்கள் என்றே கொள்ள வேண்டும்.