எக்ஸாம் பேடுக்குப் பின்னால ஒரு கதை



போன மழைக்காலத்துல அம்மாவுக்கு ஒரு புத்தக அலமாரி செஞ்சேன். தட்டைத் தாங்குற முளைகளுக்கு ரெண்டு பக்கமும் ஒரே இடைவெளியில ஓட்டை வேணும். அதுக்கு எம்டிஎஃப் துண்டுல ஒரு ஜிக் செஞ்சேன். ஜிக்னா, ஒரே வேலையைத் திரும்பத் திரும்ப ஒரே அளவுல செய்ய உதவுற அச்சு. நம்ம பாஷையில சொன்னா, ஒரு ஃபங்ஷன். ஒரு பக்கத்தை முடிச்சுட்டு அதை பால்கனியில வெச்சேன். ரெண்டு நாள் சாரல். விளிம்பு ஊறி உப்பிடுச்சு. அதைக் கவனிக்காம அடுத்த பக்கத்தையும் போட்டேன். நாலு தட்டும் ஆடுச்சு.

பலகைக் கடை அண்ணன்கிட்ட, "விலை கம்மியா, கொஞ்சம் உறுதியா ஏதாவது இருக்கா?"ன்னு கேட்டேன். ஒரு பழுப்பு ஹார்ட்போர்டு எடுத்துப் போட்டார். அட, நம்ம எக்ஸாம் பேட்!

இதோட கதை அமெரிக்காவுல, மிசிசிப்பி மாநிலத்தின் லாரல் ஊர்ல தொடங்குது. அங்க மர அறுவை மில்கள்ல கழிவு குவிஞ்சு கிடந்தது. எடிசன்கிட்ட வேலை பார்த்த வில்லியம் மேசன், அதைப் பயனாக்க நினைச்சார். மரச்சில்லுகளை அதிக அழுத்த நீராவியில அடைச்சு, சட்டுனு திறந்து விட்டார். சில்லுகள் வெடிச்சு நார் நாரா பிரிஞ்சது. அந்த நாரை வெச்சு வெப்பம் தடுக்கும் மென்மையான அட்டை செய்யறதுதான் திட்டம்.

1924-ல, அவர் சாப்பிடப் போன நேரத்துல வால்வு கசிஞ்சு, பிரஸ் சூடாவே இருந்துச்சாம். திரும்பி வந்தா, உள்ளே மெல்லிசா, கல்லு மாதிரி ஒரு பலகை! மரத்துக்குள்ளேயே இருக்கிற லிக்னின், சூட்டுல இளகி நாரை ஒட்டிடுச்சு. தனியா பசையே தேவைப்படல. மேசனைட் பிறந்தது இப்படித்தான்.

அப்புறம் அதுல எண்ணெயை ஏத்தி, சூட்டுல பதப்படுத்தினாங்க. அதுதான் 'டெம்பர்டு' ஹார்ட்போர்டு. விளிம்பு சீக்கிரம் நொறுங்காது, ஈரத்தையும் கூடுதலா தாங்கும்.

நான் வாங்கினது சாதா ரகம்தான். 6 மி.மீ. பலகை வளையாம இருக்க, அடியில ரெண்டு மரச்சட்டம் ஒட்டினேன். விளிம்புக்கும் ஓட்டைக்குள்ளேயும் வார்னிஷ் அடிச்சேன். பழைய ஓட்டைகளை அடைச்சுட்டு ரெண்டு பக்கமும் புதுசா போட்டேன். இப்ப தட்டு ஆடல.

விலை கம்மியான பலகை மேல தப்பில்லை. அது எங்க தோக்கும்னு பார்த்து, அங்க பலப்படுத்தணும். அவ்வளவுதான்.

வீட்ல பழைய எக்ஸாம் பேட் இருந்தா திருப்பிப் பாருங்க. பின்பக்கம் வலை மாதிரி தடம் இருக்கும். பிரஸ்ல அழுத்தும்போது ஆவியும் தண்ணியும் வெளியேற வெச்ச கம்பி வலையோட அச்சு அது.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்!