மலைநாட்டு மக்களும் சரிபார்ப்பு இலக்கமும்

எழுத்தில் நேரும் பிழையைப் பொருள் கொண்டு திருத்திக்கொள்ளலாம். எண்ணில் நேரும் பிழைக்கு அவ்வாய்ப்பு இல்லை. 'நுவரெலியா' என்பதில் ஓர் எழுத்துப் பிறழ்ந்தாலும் ஊர் விளங்கும். 47 என்பதை 74 என எழுதிவிடின், பிழை நேர்ந்தது என்பதற்கே அடையாளம் இராது. ஆதலின், நெடிய எண்களின் இறுதியில், முன்னுள்ள இலக்கங்களைக் கணித்துப் பெற்ற ஓர் இலக்கத்தைச் சேர்க்கும் முறை இருபதாம் நூற்றாண்டில் பரவலாயிற்று. இதனைச் சரிபார்ப்பு இலக்கம் என்பர். ஐ.பி.எம். நிறுவனத்தைச் சார்ந்த ஹான்ஸ் பீட்டர் லூன் என்பார் இத்தகைய முறையொன்றுக்கு 1954இல் காப்புரிமை வேண்டி விண்ணப்பித்து, 1960இல் அதனைப் பெற்றார். இயந்திரங்கள் கம்பிவழி அனுப்பும் செய்திகளின் இறுதியில் சேர்க்கப்படும் தொகையும் இந்நோக்கம் உடையதே.

இக்கருத்து தேயிலைத் தோட்டங்களுக்குப் புதிதன்று. ஹட்டன், நுவரெலியாப் பகுதிகளில் பறித்த கொழுந்து மலையிலேயே ஆள்வாரியாக நிறுக்கப்பட்டு, அவரவர் பெயருக்கு நேரே எழுதப்படும். பின்னர்த் தொழிற்சாலையில் மொத்தமாக மீண்டும் நிறுக்கப்படும். ஈரம் உலர்வதால் நேரும் சிறு குறைவு நீங்கலாக, இரு தொகைகளும் பொருந்தாவிடின் எங்கோ பிழை உண்டென்பது தெளிவு. எவர் பெயரில் நேர்ந்தது என்பதைத் தொகை கூறாது. சரிபார்ப்பின் ஆற்றலும் எல்லையும் இவ்வளவே.

தோட்ட மக்களின் வாழ்வை இத்தகைய எண்ணொன்று நேராகத் தொட்டது அடையாள அட்டையின் வழியாகவே. 1968ஆம் ஆண்டின் 32ஆம் இலக்க ஆட்பதிவுச் சட்டத்தின்கீழ், 1972 முதல் இலங்கையில் தேசிய அடையாள அட்டைகள் வழங்கப்பட்டன. பழைய அட்டையின் எண் ஒன்பது இலக்கங்களும் ஓர் எழுத்தும் கொண்டது. முதல் இரண்டு இலக்கங்கள் பிறந்த ஆண்டையும், அடுத்த மூன்று அவ்வாண்டில் பிறந்த நாளின் வரிசையையும் குறிக்கும். பெண்களாயின் அந்நாளெண்ணுடன் 500 கூட்டப்படும். அடுத்த மூன்றும் வரிசை எண். ஒன்பதாவது சரிபார்ப்பு இலக்கமாகும்.

விதி அறியப்படாத எண்ணின் அமைப்பைச் சரியான எண்கள் பலவற்றை ஒப்பிட்டு உய்த்துணரலாம். 1950 மார்ச்சு 1ஆம் நாள் அவ்வாண்டின் 60ஆம் நாள். அட்டையிலோ அது 061 என வரும். பெப்ருவரிக்கு எவ்வாண்டிலும் 29 நாள் கொண்டனர் என்பது இவ்வொப்பீட்டினால் புலனாகும். சரிபார்ப்பு இலக்கத்துக்கும் வழி இதுவே. ஓரிடத்தில் மட்டும் ஒன்றால் வேறுபடும் இரண்டு எண்களை எடுத்துக்கொண்டால், அவற்றின் சரிபார்ப்பு இலக்கங்களிடையே உள்ள வேறுபாடு அவ்விடத்துக்குரிய பெருக்கெண்ணைக் காட்டிவிடும்.

இத்தகைய கணக்குகளில் 11 பெரிதும் வகுஎண்ணாகக் கொள்ளப்படுவதற்குக் காரணம் உண்டு. அது பகா எண். எல்லா இலக்கங்களினும் பெரியது. அடுத்தடுத்த இரண்டு இலக்கங்கள் இடம் மாறினால், தொகையில் நேரும் மாற்றம் அவ்விலக்கங்களின் வேறுபாட்டையும் பெருக்கெண்களின் வேறுபாட்டையும் பெருக்கிய பயன். இரண்டும் பதினொன்றுக்குக் குறைந்தவை; ஆதலின் அப்பெருக்கம் 11ஆல் மீதியின்றி வகுபடாது, பிழையும் மறையாது. ஆயின் சரிபார்ப்பு மதிப்பு சிலபோது 10 ஆகும். அதனை ஓர் இலக்கத்தால் எழுதவியலாது. பழைய பத்திலக்கப் பன்னாட்டு நூலெண்ணில் அதற்கு உரோம எழுத்தாகிய 'எக்ஸ்' இடப்பட்டது.

இலங்கை அட்டை எண்ணின் இறுதியிலும் 'எக்ஸ்' வருவதுண்டு. அது கணக்கின் விளைவன்று. வாக்குரிமை உடையவர்க்கு 'வீ' என்றும், இல்லாதவர்க்கு 'எக்ஸ்' என்றும் இடப்பட்டது. மலைநாட்டுத் தமிழர் வரலாற்றில் அவ்வெல்லைக்கோட்டின் பொருள் பெரிது. 1947ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரசு ஏழு இடங்களை வென்றது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் மூதாதையரின் பிறப்புக்குச் சான்று கேட்டது. தோட்டத்துப் பதிவில் ஒருவகையாகவும் பிறப்புப் பதிவில் வேறுவகையாகவும் எழுதப்பட்ட பெயர்களைக் கொண்டோர்க்கு அது எளிதாயிருக்கவில்லை. குடியுரிமை இழந்தோர் 1949இல் வாக்குரிமையும் இழந்தனர்.

1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்கில் கொண்டது. அவர்களுள் 5,25,000 பேர் இந்தியாவுக்கும், 3,00,000 பேர் இலங்கைக்கும் உரியோராயினர்; 1,50,000 பேர் பின்னர்த் தீர்மானிக்கப்பட விடப்பட்டு, 1974இல் இரு நாடுகளுக்கும் சரிபாதியாகப் பகிரப்பட்டனர். கூட்டிப் பார்த்தால் தொகை சரியாகவே வரும். எந்தக் குடும்பம் எக்கரையில் வாழும் என்பதைக் கொழுந்துக் கணக்கைப் போலவே இத்தொகையும் கூறாது. நாடற்றோர் நிலை நீங்க 1988ஆம் ஆண்டின் 39ஆம் இலக்கச் சட்டமும், 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டமும் வேண்டியிருந்தன.

2016இல் பன்னிரண்டு இலக்கங்கள் கொண்ட புதிய எண் வந்தது. 'வீ', 'எக்ஸ்' என்னும் எழுத்துகள் அதில் இடம்பெறவில்லை. சரிபார்ப்பு இலக்கம் மட்டும் நிலைத்தது. எழுதிய கை பிறழ்ந்ததா என்பதை அவ்விலக்கம் ஒரு நொடியில் காட்டிவிடும். எழுதப்பட்ட சட்டம் பிறழ்ந்தது என்பதை நாடு ஏற்றுத் திருத்துவதற்கோ அரை நூற்றாண்டுக்கு மேலாயிற்று.